ஏழாவது வளைவில் வலது கை

— இது ஒன்னுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சூர்யா, வேற எதுவும் கேக்க மாட்டேன். ஏழாவது வளைவுல உங்க வலது கை என்ன பண்ணுது?

— வண்டி ஓட்டுது மேடம். வேற என்ன பண்ணப் போகுது.

— மேடம் வேண்டாம்னு சமயநல்லூர்ல வண்டி ஏறும்போதே சொன்னேன். மைத்ரேயினு கூப்பிடுங்க.

— வாயில வர மாட்டேங்குது மேடம். டீம்ல மெக்கானிக்கிலருந்து எல்லாரும் மேடம்னுதான சொல்றோம். அந்தக் கட்டில்ல உக்காருங்க. கொடிக்காலுக்குள்ள போயிராதீங்க, வெத்தலைக் கொடிக்குள்ள செருப்புக் கால் பட்டா எங்க அப்பா என்னையத்தான் வைவாரு.

— பேச்சை மாத்துறீங்க.

— மாத்தல மேடம். லேப்டாப்பத் தொறந்து ஒரு கோட்டக் காட்டி, இது ஏன் இந்த எடத்துல பள்ளமா இருக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல. காத்தா இருக்கும். சென்னை டிராக்குல அந்தப் பக்கம் சைடு காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும்.

— காத்து உங்களுக்கு மட்டும் அடிக்குமா? கிரிதரும் அதே ரேஸ்தான் ஓட்டினான். இந்த நீலக் கோடு அவனோடது. ஏழாவது வளைவுல ஆக்சிலேட்டரை முழுசாத் திருகி வச்சபடியே போறான். பச்சைக் கோடு உங்களோடது. நேரா வருது, வருது, அந்த இடம் வந்ததும் டபக்குனு ஒரு பள்ளம். ஒரு நொடி கூட இல்ல. உடனே மறுபடி முழுசா.

— அப்ப வண்டியில கோளாறு. கேபிள் ஒட்டுதோ என்னமோ.

— போன மாசம் உங்க ரெண்டு பேரையும் வண்டி மாத்தி ஓட்டச் சொன்னோமே, எதுக்குனு நினைச்சீங்க?

— டயர் சோதிக்கணும்னு சொன்னாங்க.

— உங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். நீங்க கிரிதர் வண்டில ஏறினதும் இந்தப் பள்ளமும் உங்க கூடவே அந்த வண்டிக்குப் போயிடுச்சு. உங்க வண்டில கிரிதர் போறான், பள்ளம் காணோம்.

— அட.

— மழை, வெயில், பிராக்டிஸ், ரேஸ், எல்லாத்தையும் பார்த்துட்டேன். ஒவ்வொரு சுத்துலயும் அதே இடம். கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்னனு கூட இல்ல. எனக்கு இதை நினைச்சே தூக்கம் போச்சு.

— யாருக்குத் தம்பி தூக்கம் போச்சு? இந்தாங்க தங்கச்சி, டீ குடிங்க. வெயில்ல வந்துருக்கீங்க.

— எங்க அக்கா மேடம். தமிழ்ச்செல்வி. இதப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு விசயம் பேச முடியாது.

— நீ பேசுறது எனக்கு என்ன புரியப் போகுது. என்னத்த இம்புட்டு உத்துப் பாக்குறீங்க ரெண்டு பேரும்? எங்க மாமனாருக்கு நெஞ்சு வலின்னு பெரியாஸ்பத்திரியில ஒயரு மாட்டி எடுத்தாங்களே, அந்தக் கோடு மாதிரியில்ல இருக்கு.

— கிட்டத்தட்ட அதேதான்க்கா. இது வண்டிக்கு எடுத்த ஈசிஜி. வண்டில ஒரு சின்னப் பெட்டி வச்சிருப்போம். எங்க எவ்வளவு வேகம், எங்க பிரேக் பிடிச்சாங்க, எங்க ஆக்சிலேட்டரை விட்டாங்க, எல்லாத்தையும் அது பதிஞ்சு வச்சுக்கும். ரேஸ் முடிஞ்சதும் நான் அதை எடுத்துப் பார்த்து, எங்க நேரம் வீணாச்சுனு சொல்லணும். அதான் என் வேலை.

— பொம்பளப் பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை இருக்கா. எந்த ஊரு நீங்க?

— மதுரைதான்க்கா. சிம்மக்கல். எங்க அப்பாவைக் கேட்டா, பொண்ணு மோட்டார் கம்பெனில வேலை பார்க்கறானு மட்டும்தான் சொல்வார். ரேஸ்னு சொன்னா ஜனங்க குதிரைப் பந்தயம்னு நினைச்சுக்குவாங்களாம்.

— எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். இவன் ரேஸுக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கு எங்க அப்பா வெளக்கமாத்த எடுத்துட்டாரு. ரிங் ரோட்டுல சர்ருன்னு போயி ஆள இடிச்சுப் போட்டுட்டு ஓடுறானுகளே, அந்தக் கழுதைகளோடயா சேரப் போறன்னாரு. அதுக்குன்னு தனியா டிராக்கு இருக்கு, லைசென்சு இருக்கு, கம்பெனிக்காரன் சம்பளம் குடுத்து ஓட்டச் சொல்லுவான்னு அவருக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள இவன் ரெண்டு கப்பு வாங்கிட்டு வந்துட்டான்.

— கோயம்புத்தூர்ல ஆள் எடுத்தாங்களே, அதுலதான வந்தீங்க சூர்யா?

— ஆமா மேடம். நம்ம கூட்டாளி முத்திருளன் வண்டிய வாங்கிட்டுப் போனேன். மத்தவன் எல்லாம் பூட்ஸு, கிளவுஸுன்னு வந்துருக்கான், நான் பள்ளிக்கூடத்து ஷூவ மாட்டிக்கிட்டு நிக்கிறேன். தோல் சட்டை இல்லாம ஓட்ட விட மாட்டோம்னுட்டாங்க. ஒரு குண்டு அண்ணன் அவரோடத கழட்டிக் குடுத்தாரு. அது எனக்குத் தொளதொளன்னு கெடக்கு. உள்ள ரெண்டு துண்டச் சுருட்டி வச்சுக்கிட்டு ஓட்டுனேன். வேர்வையில துண்டு நனைஞ்சு கால் வழியா எறங்கி வந்துருச்சு.

— ஆனாலும் எடுத்துட்டாங்க.

— எடுத்துட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, வண்டி ஓட்டுறது இந்த வேலையில பாதி கூட இல்லன்னு.

— அதக் கேளுங்க தங்கச்சி. சோத்த எடை போட்டுத் திங்கிறான். கழுத்து பலமாகணுமாம், ஹெல்மெட்டுல தேங்காயக் கட்டித் தொங்க விட்டுக்கிட்டு விடிஞ்சதும் தலையத் தலைய ஆட்டுவான். எதுத்த வீட்டு ரெங்கம்மாள் பாத்துட்டு, தம்பிக்கு ஏதோ எறங்கியிருக்குன்னு வேப்பிலையோட வந்துருச்சு.

— அக்கா, போதும்.

— நீ பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸ்ல சிரிக்கலாம், நான் சொல்லக் கூடாதா? பாத்தீங்களா தங்கச்சி அந்தப் பிளக்ஸ?

— பார்த்தேன்க்கா. இவர் சாய்ஞ்சு வண்டி ஓட்டுற மாதிரி. பக்கத்துல ஒரு சிங்கம் வேற.

— சிங்கம் வேணாம்னு கெஞ்சுனேன் மேடம். முத்திருளன் கேக்கல.

— அது கெடக்கட்டும். இந்தக் கோட்டப் பாக்கவா மதுரையிலருந்து வந்தீங்க? இது நல்லதா, கெட்டதா?

— சொல்லலாமா சூர்யா?

— சொல்லுங்க. இல்லேன்னாலும் செவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கத்தான் போகுது.

— அடுத்த வருஷம் மலேசியா, தாய்லாந்து, ஜப்பான்னு போய் ஓட்டுற போட்டிக்கு எங்க டீம்ல ஒரே ஒரு இடம் கிடைச்சிருக்குக்கா. சூர்யா, இல்லேன்னா கிரிதர். ஓனர் விஸ்வநாத் சார் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேர் கொடுக்கணும். பிரேக் பிடிக்கிறது, மழைல ஓட்டுறது, கடைசிச் சுத்துல முந்துறது எல்லாத்துலயும் சூர்யாதான் ஒரு படி மேல. இந்த ஒரு வளைவுல மட்டும் கிரிதர் மேல. இங்க விடுற நேரத்தை இவர் மிச்ச டிராக் முழுக்க ஓடி ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கு.

— அப்ப அந்தப் பள்ளத்த அடைச்சுட்டா?

— அடைச்சுட்டா கிரிதருக்கு இவரோட முதுகு கூடத் தெரியாது. ஆனா சார் என்கிட்ட ஒன்னு கேட்டார். மைத்ரேயி, அது பயமா, பழக்கமா? பழக்கம்னா மாத்திடலாம், சூர்யாவையே அனுப்பறேன். பயம்னா அனுப்ப மாட்டேன். கண்டுபிடிச்சுச் சொல்லுனார். நான் லீவுல வீட்டுக்கு வந்திருந்தேன், பஸ் ஏறிச் சமயநல்லூர் வந்து, அங்கருந்து இவர் வண்டில வந்துட்டேன்.

— பயமா? இவனுக்கா?

— அக்கா.

— நீ சும்மா இருடா. தங்கச்சி, வைகையில தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போறப்ப பாலத்து மேலருந்து குதிச்ச பய இவன். ஊரே கரையில நின்னு கத்துது, இவன் அந்தப் பக்கம் ஏறி வந்து முடியத் தொவட்டுறான். எங்க அப்பா ஊருக்குள்ள சொல்றதே அதத்தான், எம் மகனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு. உங்க ஓனர் வேற யாரையாச்சும் நெனச்சுக்கிட்டுக் கேட்டுருப்பாரு.

— அவர் கேக்கறதுல தப்பு இல்லக்கா. இவர் போன வருஷம் விழுந்தது இதே வளைவுலதான்.

— விழுந்தா என்ன? காரை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டுக் கெடந்தப்பவும் டீவியில ரேஸுதான் பாத்தான். அழுதது நாங்க. இவன் இல்ல.

— சூர்யா, நீங்களே சொல்லுங்க. விழும்போது எப்படி இருந்துச்சு?

— இதெல்லாம் எதுக்கு மேடம்.

— ரொம்ப நாளாக் கேக்கணும்னு ஆசை. நான் கோட்டை மட்டும்தான் பார்க்கறேன். அந்தக் கோட்டுக்குள்ள உக்காந்திருக்கறது நீங்க.

— ஒன்னும் இல்ல மேடம். பின் டயர் வழுக்கும், அது தெனமும் நடக்குறதுதான். வழுக்குனதும் நமக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சுரும், அதுவாச் சரி பண்ணிரும். அன்னைக்குக் கைக்குத் தெரியல. வண்டி அங்கிட்டுப் போச்சு, நான் இங்கிட்டுப் போனேன். தரையில தேச்சுக்கிட்டுப் போறப்ப வலிக்கவே வலிக்காது. ஒரே சத்தம். தகரக் கொட்டகைக்குள்ள நிக்கிறப்ப மழை பேஞ்சா கேக்குமே, ஹெல்மெட்டுக்குள்ள அந்தச் சத்தம். வானம் வருது, ரோடு வருது, திரும்ப வானம் வருது. அப்புறம் நின்னுச்சு.

— நின்னதும் நிம்மதியா இருந்திருக்கும்.

— நின்னதுக்கு அப்புறம்தான் மேடம் எல்லாம். படுத்துக் கெடக்கேன், பின்னாடி வர்ற வண்டிக சத்தம் கேக்குது, எந்திரிக்க முடியல. கிரிதர் நேரா என்னையப் பாத்து வாரான். அப்ப அவன் வேற டீம், நான் வேற டீம். ஒரு ஒடி ஒடிச்சான் பாருங்க, அவன் டயரு என் கிளவுஸ உரசிட்டுப் போச்சு. அவன் புல்லுல போயி விழுந்து உருண்டு, ரேஸையும் விட்டுட்டு, என்னையத் தூக்க ஓடியாந்தான். அவன் கொஞ்சம் அசந்துருந்தா இந்த டீய இங்க உக்காந்து நான் குடிச்சுக்கிட்டு இருக்க மாட்டேன்.

— இத நீ வீட்டுல சொல்லவே இல்லையேடா.

— சொல்லியிருந்தா மறுபடி விட்டுருப்பீங்களா?

— அதுக்கப்புறம் அந்த இடம் வந்தா அந்த நினைப்பு வருமா சூர்யா?

— வராது.

— கொஞ்சம் கூட?

— அதான் வராதுன்னு சொல்றேன்ல மேடம்.

— கோவப்படாதீங்க. விழறதுக்கு முன்னாடி நீங்க அந்த இடத்தை எப்படி ஓட்டினீங்கனு தெரிஞ்சா நான் உங்களைத் தொந்தரவு பண்ணவே மாட்டேன். அந்தப் பழைய டீம் வண்டில இந்தப் பெட்டியே கிடையாது. இப்ப இருக்கற கேமராவும் முன்னாடி ரோட்டைத்தான் காட்டுது. உங்க கையும் தெரியல, மூஞ்சியும் தெரியல. அதனால உங்களையே கேக்க வேண்டியிருக்கு.

— மேடம், ஒன்னு சொல்லவா?

— சொல்லுங்க.

— எனக்கு அந்த மலேசியா போற எடம் வேணும். சின்னப் பிள்ளையில டீவிப் பொட்டிக்குள்ள பாத்த டிராக்கு அதெல்லாம். வண்டி பேரு, வளைவு பேரு எல்லாம் மனப்பாடம் எனக்கு. ஒரு தடவையாச்சும் அதுல போயி நிக்கணும். இந்த வருசம் விட்டா அடுத்து என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க, எனக்கப்புறம் எம்புட்டோ பயலுக வந்துட்டானுக. கிரிதருக்கு இன்னும் வயசு இருக்கு. எனக்கு இல்ல. அம்புட்டுதான் மேடம், எனக்கு வேற ஒன்னும் தெரியாது.

— எனக்கும் நீங்க போகணும்னு ஆசைதான். மதுரைப் பக்கத்து ஆள்ங்கறதுக்காக இல்ல. மழைல நீங்க ஓட்டின கோடு என்கிட்ட இருக்கு, அதை அப்பப்ப சும்மா எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவு அழகா இருக்கும். அதனாலதான் பயம்னு எழுதிட்டுப் போக மனசு வரல. சரி, இப்படி யோசிப்போம். பயம்னா எப்படி இருக்கும்? ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். முன்னாடி ஆள் இருந்தா ஒரு மாதிரி, இல்லேன்னா ஒரு மாதிரி. இது அப்படி இல்ல. தினமும் பல்லு விளக்குற மாதிரி ஒரே சீரா இருக்கு. பழக்கம்னுதான் எனக்குத் தோணுது. என்ன பழக்கம்னுதான் பிடிபடல. இன்னைக்கு உங்க வண்டில ஏறுற வரைக்கும்.

— இன்னைக்கு என்ன கண்டீங்க?

— முதல்ல, நீங்க நிஜமாவே ரேஸ் ஓட்டுறவர்தானானு சந்தேகம் வந்துச்சு. பால்காரர் நம்மளைத் தாண்டிப் போறார். டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிச்சு அலுத்துப் போய், ஒதுங்கிப் போப்பானு கையைக் காட்டிட்டுப் போறார்.

— ரோட்டுல வேற எப்படி மேடம் ஓட்ட? டிராக்குல எல்லாரும் ஒரே பக்கம் போறோம், எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். இங்க ஆடு குறுக்க வரும், நெல்ல நடுரோட்டுல காயப் போட்டிருப்பாங்க, வலது பக்கம் லைட்டப் போட்டுட்டு இடது பக்கம் திரும்புவாங்க. இதுல தெனம் போயிட்டு வர்றவங்களப் பாத்தா எனக்குத்தான் ஆச்சரியமா இருக்கு.

— இவன் வண்டியில மதுரைக்குப் போறதுக்கு நான் ரயிலுக்குக் காத்துக்கெடந்து போயிருவேன் தங்கச்சி.

— அவ்வளவு பதமா ஓட்டிட்டு வந்தவர், தேனூர் தாண்டி ரோட்டோரமா ஒரு சின்னக் கோயில் வந்துச்சே, அங்க என்ன பண்ணினார் தெரியுமாக்கா?

— என்ன பண்ணுனான்?

— வலது கையை ஹேண்டில்பார்ல இருந்து எடுத்து, நெஞ்சுல வச்சு, உதட்டுல வச்சு, திரும்பப் பிடிச்சார். வண்டி ஒரு திணறு திணறுச்சு. நான் போய் அவர் முதுகுல முட்டினேன்.

— அது எல்லாரும் பண்றதுதான. எங்க அப்பா பஸ்ஸுல குறட்டை விட்டுக்கிட்டு வந்தாக் கூட கோயிலு வந்தா கை மேல போயிரும்.

— அதைத்தான்க்கா சொல்ல வர்றேன். சூர்யா, தேனூர்ல கும்பிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— கும்பிட்டேனா?

— பார்த்தீங்களா. உங்களுக்கே தெரியல. வலது கையை எடுத்தா ஆக்சிலேட்டர் தானா மூடிக்கும். திரும்பப் பிடிச்சா முழுசாத் திறக்கும். அதைக் கோடாப் போட்டா எப்படி இருக்கும்? இதோ, இந்தப் பச்சைக் கோட்டுல இருக்கற மாதிரியேதான் இருக்கும்.

— ஆனா டிராக்குல ஏது தங்கச்சி கோயிலு?

— இருக்குக்கா. டிராக் காம்பவுண்டுக்கு வெளில, சுவரை ஒட்டி ஒரு சின்னக் கோயில். போன ரேஸப்ப அங்க கூழ் ஊத்தினாங்க, மேளச் சத்தம் நாங்க வண்டியை நிறுத்தி வேலை பார்க்கற பிட் வரைக்கும் கேட்டுச்சு. இவர் வண்டியை நிழல்ல போட்டுட்டு வர்ற நேரத்துல ரேஸ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஏழாவது வளைவுக்குள்ள நுழையும்போது அந்தக் கோயில் ஓரமாத் தெரியுது.

— ஆத்தாடி. அப்ப இவன் ரேஸுக்கு நடுவுல சாமி கும்பிட்டுக்கிட்டா போறான்?

— அதை அவர் வாயால சொல்லணும். சொல்லுங்க சூர்யா, கும்பிடுறீங்களா?

— சொல்லுடா, தங்கச்சி கேக்குறாங்கல்ல.

— ஆமா மேடம்.

— ஆமாவா?

— ஆமா. அதான். கை தானாப் போயிருது.

— இதைச் சொல்றதுக்கா காத்து, கேபிள்னு அத்தனை கதை சொன்னீங்க?

— எப்படி மேடம் சொல்றது. பெங்களூர்க்காரன், புனேக்காரன் எல்லாம் நிக்கிற எடத்துல போயி, நான் அந்த வேகத்துல கைய விட்டுட்டுச் சாமி கும்பிடுறேன்னு சொன்னா சிரிக்க மாட்டானுகளா? ஊர்க்காட்டான்னு நெனச்சுருவானுக.

— சிரிப்பாங்கதான். நானே அடக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். சாமிகிட்ட என்ன வேண்டிக்குவீங்க அந்த நேரத்துல?

— என்னத்த வேண்ட. மாரியாத்தா காப்பாத்துன்னுதான்.

— மாரியம்மனா? வெளில பெரிய குதிரை சிலை இருக்கே. நான் ஐயனார்னு நினைச்சேன்.

— ஐயனாருதான் மேடம். நம்ம ஊர்ப் பழக்கத்துல மாரியாத்தான்னு வந்துருது.

— எந்தச் சாமியா இருந்தா என்ன. இனிமே கும்பிடாம இருக்க முடியுமா உங்களால? கை தானாப் போகுதுங்கறீங்களே.

— இதுக்கு ஏன் இம்புட்டு ரோசன தங்கச்சி? ரேஸு கெளம்புறதுக்கு முன்னாடியே எல்லாச் சுத்துக்கும் சேத்து மொத்தமா ஒரு பெரிய கும்பிடாப் போட்டுற வேண்டியதுதான். ஐயனாரே, இன்னைக்குக் கணக்கு இம்புட்டுத்தான், நடுவுல கை எடுக்க முடியாது, கோவிச்சுக்காதன்னு சொல்லிட்டுக் கெளம்பட்டும். எங்க அத்தை பழனிக்குப் போயி மலை ஏற முடியாம அடிவாரத்துல நின்னு அப்படித்தான் பேசிட்டு வரும். முருகன் இதுவரைக்கும் ஒன்னும் சொல்லல.

— அக்கா, எங்க டீமுக்கே நீங்க வந்துடுங்க. சூர்யா, இது நடக்குமா?

— நடக்கும் மேடம். பழக்கம்தான. மாத்திக்கிறேன்.

— நம்பிச் சொல்லலாமா?

— சொல்லுங்க.

— ஒரு நிமிஷம் அப்ப. ஹலோ, சார், மைத்ரேயி. ஆமா சார், சூர்யா வீட்லதான் இருக்கேன். கண்டுபிடிச்சுட்டேன். பயம் இல்ல சார், பழக்கம். சொன்னா சிரிக்கக் கூடாது. சுவருக்கு வெளில ஒரு கோயில் இருக்குல்ல, அங்க கூடக் கூழ் ஊத்தினாங்களே. இவர் ஒவ்வொரு சுத்துலயும் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறார். சிரிக்காதீங்கனு சொன்னேன்ல சார். ஆமா, அவரே ஒத்துக்கிட்டார். என் கண்ணாலயும் இன்னைக்குப் பார்த்தேன், ரோட்டுல அதே மாதிரிதான் பண்றார். மாத்திடலாம் சார். உறுதியாத்தான் சொல்றேன், என் பொறுப்பு. சரி சார். ரொம்ப தேங்க்ஸ் சார். சொல்லிடறேன்.

— என்னாச்சு தங்கச்சி?

— சூர்யா பேரைக் கொடுத்துடறாராம்க்கா.

— ஏய் தம்பி. இங்க வாடா. இங்க வந்து நில்லு, உன்ன ஒரு தடவ பாத்துக்கிறேன்.

— அழுகாதக்கா.

— யாரு அழுகுறா, அடுப்புப் புகை. அப்பா கொடிக்கால்ல தண்ணி பாச்சிக்கிட்டு இருக்காரு, போயிச் சொல்லிட்டு வாரேன். ஓடுற தண்ணியில மடையக் கூட அடைக்காம ஓடியாரப் போறாரு பாரு. தங்கச்சி, நீங்க சாப்பிடாமக் கெளம்புனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும், சொல்லிட்டேன்.

— சாப்பிட்டுத்தான்க்கா போவேன், நீங்க போய் அப்பாகிட்ட சொல்லுங்க. என்ன சூர்யா, கேட்டது கிடைச்சாச்சு, இப்படி உக்காந்திருக்கீங்க?

— இல்ல மேடம், சந்தோசம்தான். கிரிதர்ட்ட சொல்லிட்டாங்களா?

— சார் கூப்பிட்டுச் சொல்வார். வருத்தப்படுவான், பாவம். ஆனா உங்க மேல கோவிச்சுக்க மாட்டான். அடுத்த மாசம் இந்த வருஷத்துக் கடைசி ரேஸ் இருக்குல்ல, அதுல ரெண்டு பேரும்தான ஓட்டப் போறீங்க. எப்பவும் போல உங்க பின்னாடி ஒட்டிக்கிட்டே வருவான்.

— எம் பின்னாடிதான் வருவான்.

— அதை நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் அந்தப் பள்ளத்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துட்டு இருந்தேன். அந்த இடத்துல அவன் முழு வேகத்துல வர்றான், நீங்க டபக்குனு மூடுறீங்க. கொஞ்சம் கணக்குத் தப்பினா உங்க மேல ஏறிடுவான், இல்லேன்னா உங்களுக்காக ஒதுங்கி மறுபடி அவன் போய் விழுவான். நல்ல வேளை, வெறும் பழக்கமாப் போச்சு. பயமா இருந்திருந்தா, எவ்வளவு ஆசை இருந்தாலும் உங்களை நிறுத்தச் சொல்லி நானே சொல்லியிருப்பேன். பயம் எப்ப எவ்வளவு வரும்னு பயப்படுறவருக்கே தெரியாது. அடி படறது பின்னாடி வர்றவன்.

— ம்.

— அந்த ரேஸுக்கு நான் பிட்ல நிக்கப் போறதில்ல. கோயில் பக்கத்துல சுவர்கிட்டயே போய் நின்னு, கும்பிடாமப் போறீங்களானு பார்க்கப் போறேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டிடாதீங்க.

— மேடம்.

— சொல்லுங்க.

— அப்பா வந்துருவாரு. அவரு வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்.

— கேளுங்க, அதுக்கென்ன.

— அந்தக் கோயிலு டிராக்குக்கு எந்தப் பக்கம் மேடம் இருக்கு? அந்த வளைவு வந்தாலே நான் கண்ண மூடிக்கிருவேன்.